தோட்டப்புற ஊரிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மைவி, சாகா மாதிரி ஒரு சாதாரணக் குடும்பக் காரை விற்பது பெரிய வேலையே இல்லை. காலையில் கடையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் யாரோ ஒருவரின் மச்சான் வாசலில் நிற்பார். இரண்டு கதவு, கியர் வண்டி, தரையை ஒட்டி ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கதை வேறு. பார்க்க வருபவர்கள் அதிகம், வாங்க வருபவர்கள் குறைவு. என் 2013 டோயோட்டா 86-ஐ டீலரிடம் கொடுக்காமல் நேரடியாக விற்ற பிறகு, இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் தம்பிகள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன். எம்எக்ஸ்-5, பழைய சத்ரியா ஜிடிஐ, சிவிக் டைப் ஆர் என்று எது வைத்திருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

டீலரிடம் கொடுத்தால் ஒரே நாளில் முடியுமே, ஏன் இந்த அலைச்சல்?

இந்த வாரமே பணம் வேண்டும் என்றால் டீலரிடம் கொடுங்கள், தப்பே இல்லை. ஆனால் அவர் பார்ப்பது மாடல், வருஷம், கிலோமீட்டர், இந்த மூன்றையும்தான். நீங்கள் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த ரசீதுக்கு அவரிடம் விலை கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார் அவர் கடையில் மாதக் கணக்கில் நிற்கும். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் உங்களிடம் விலையைக் குறைப்பார். கடை முதலாளியான தவ்கே "இது ஸ்லோ லா, பாஸ்" என்று சொல்வதில் பொய் இல்லை. நன்றாகப் பராமரித்த வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பவர், அந்த வண்டியை ஓட்டப்போகும் ஆள் மட்டும்தான். அவரைத் தேடிப் பிடிப்பதுதான் இதில் இருக்கும் வேலையெல்லாம்.

விலையை எப்படி முடிவு செய்வது?

முடா, கார்லிஸ்ட் ஆகிய விற்பனை இணையத்தளங்களில் அதே மாடலைத் தேடிப் பாருங்கள். ஆனால் அங்கே இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. சில வாரம் விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள். அசையாமல் கிடக்கும் விளம்பரத்தின் விலை அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம். சீக்கிரம் மறைந்துபோனவைதான் உண்மையான சந்தை விலைக்குப் பக்கத்தில் இருந்தவை.

ஒப்பிடும்போது ஒரே மாதிரி வண்டியோடு ஒப்பிட வேண்டும். இங்கே புதிதாக விற்கப்பட்ட வண்டியா, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷனா? கியரா, ஆட்டோமேட்டிக்கா? ரீகண்டிஷன் என்றால் தயாரித்த வருஷம் ஒன்று, இங்கே பதிவான வருஷம் இன்னொன்று. இரண்டையும் விளம்பரத்தில் போட்டுவிடுங்கள். வண்டியின் பதிவுச் சான்றிதழான கிரானைப் பார்த்ததும் எப்படியும் தெரியப்போகிறது, மறைத்தால் மற்ற பேச்சுக்கும் மதிப்பு போய்விடும்.

ரிம்முக்கும் எக்ஸாஸ்டுக்கும் போட்ட காசை விலையில் ஏற்றாதீர்கள், அது திரும்பி வராது. கம்பெனியிலிருந்து வந்த பழைய பாகங்களை ஸ்டோரில் வைத்திருந்தால் அதற்குத்தான் மதிப்பு. அவற்றை வண்டியில் திரும்பப் பொருத்தி, வெளிச்சாமான்களைத் தனியாக விற்பது நல்லது.

"அண்ணே, கடைசி விலை எவ்வளவு?" என்று மட்டும் மெசேஜ் வருகிறது. என்ன சொல்வது?

"வண்டியைப் பார்த்துவிட்டுப் பேசலாம் தம்பி." அவ்வளவுதான். வண்டியையே பார்க்காமல் விலை குறைக்கச் சொல்பவர் வந்து பார்த்ததும் இன்னொரு தடவை குறைக்கச் சொல்வார்.

விளம்பரத்தில் என்ன எழுத வேண்டும்?

"டிப்டாப் கண்டிஷன்", "ஒரே ஓனர்", "வீக்கெண்ட் கார்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அதனால் அவற்றை யாரும் படிப்பதில்லை. கடைசியாக எஞ்சின் எண்ணெய் மாற்றிய தேதி, பிளக் மாற்றினீர்களா, கிளட்ச் மாற்றினீர்களா, டயர் எந்த வருஷத்துடையது, எங்கெல்லாம் கீறல் இருக்கிறது என்று எழுதுங்கள். கீறலைப் படம் பிடித்தே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு வருபவர், வந்த இடத்தில் அதைக் காட்டி விலை குறைக்க முடியாது.

ரோட் டேக்ஸ் தொகையையும் சேர்த்துவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 86-இன் எஞ்சின் 1998 சிசி. தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1800 சிசிக்கு மேல் 280 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 379 வெள்ளி. இரண்டு லிட்டர் குடும்பக் காருக்கும் அதே தொகைதான். இந்த ஒரு வரி போட்ட பிறகு எனக்கு வந்த அழைப்புகளின் தன்மையே மாறியது.

"ஏன் விற்கிறீர்கள்?" என்று எல்லோரும் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள். என் அம்மாவால் அதில் ஏறவும் முடியவில்லை, ஏறினால் இறங்கவும் முடியவில்லை. இதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

நான் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகவில்லை, ஊர் மெக்கானிக், நம் போமன்தான் பார்த்தார். சர்வீஸ் ரெக்கார்டு இல்லையே?

இருக்கிறது, நீங்கள் அதை ரெக்கார்டு என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இல்லாவிட்டாலும், எண்ணெய் வாங்கிய ரசீது, போமன் கையால் எழுதிக் கொடுத்த பில், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பழுதான பாகத்தின் படம் எல்லாமே ஆதாரம்தான். தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அன்றைய கிலோமீட்டரை எழுதுங்கள். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களோ என்ற சந்தேகம் இந்த நாட்டில் பழைய கார் வாங்கும் எல்லோருக்கும் உண்டு. வருஷா வருஷம் சீராக ஏறும் எண்கள் அதைத் தீர்த்துவிடும்.

எந்த வகை எண்ணெய் என்பதும் முக்கியம். 86-க்கு 0டபிள்யூ-20 போடச் சொல்லியிருக்கிறார்கள். நம் வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியாக 5டபிள்யூ-30 போடுபவர்களும் உண்டு. எதைப் போட்டீர்களோ அதைச் சொல்லுங்கள். இதைக் கேட்டுச் சண்டை போடும் ஆள் வந்தால் சந்தோஷப்படுங்கள், அவருக்கு வண்டி தெரியும்.

போமனிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வாங்குபவர் அவருக்குப் போன் செய்யலாமா என்று கேட்பார். அவர் நன்றாகப் பேசினால் அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறெதுவும் வேண்டாம்.

வண்டி தெரிந்த ஆள் வந்தால் எதையெல்லாம் பார்ப்பார்?

86-க்காக வருபவர் இணையத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வருவார். எஞ்சின் ஐட்லில் இருக்கும்போது சில்வண்டு மாதிரி ஒரு சத்தம் வரும். அது உயர் அழுத்த எரிபொருள் பம்பின் சத்தம், இந்த எஞ்சினில் சாதாரணமானது. தெரியாதவர் பயப்படுவார், அதனால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். காலையில் எஞ்சின் சூடாகாதபோது இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதையும் சொல்லுங்கள். அவர் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். பானட்டில் கை வைத்துப் பார்ப்பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.

எஞ்சின் முன் மூடியிலிருந்து எண்ணெய் கசிகிறதா, கிளட்ச்சை மிதிக்கும்போது பேரிங் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார். 2012, 2013 மாடல்களை வால்வ் ஸ்பிரிங்குக்காக 2018-இல் உலக அளவில் திரும்ப அழைத்தார்கள். உங்கள் சேசி எண் அதில் வருகிறதா, வந்தால் வேலை முடிந்ததா என்று முகவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு எஞ்சினைக் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது சீலன்ட்டை அதிகமாகப் பூசியதால் வெளிநாட்டில் சில எஞ்சின்கள் கெட்டுப்போன கதையையும் அவர் படித்திருப்பார். வேலை முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டினால் போதும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று யாராவது கேட்டால், இதில் இருப்பது செயின். பிளக் மட்டும் பாக்ஸர் எஞ்சினில் பக்கவாட்டில் ஒளிந்திருப்பதால் மாற்றுவதற்குக் கூலி அதிகம். மாற்றியிருந்தால் ரசீதை ஃபைலின் மேலே வையுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டை தேயாமல் இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான்.

நம் பக்கத்து வண்டிக்கென்றே சில விஷயங்கள் உண்டு. செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் வீடு இருந்தால் எலி வரும். எலி வந்தால் வயரைக் கடிக்கும். பானட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா, ஒயரிங்கில் டேப் சுற்றியிருக்கிறதா என்று வாங்குபவர் டார்ச் அடித்துப் பார்ப்பார், அதற்கு முன் நீங்கள் பாருங்கள். ரப்பர் மரத்தடியில் நிறுத்தும் பழக்கம் இருந்தால் முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் போகும் வழியில் இலை அடைத்திருக்கும். சக்கர வளைவுக்குள் ஒட்டிய செம்மண்ணைக் கழுவிவிடுங்கள். கோலாலம்பூர்க்காரர் அதைப் பார்த்ததும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று முடிவுகட்டிவிடுவார். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியதிலிருந்து அங்கிருந்து வருபவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்க்கிறார்கள். கோபப்படாமல் தூக்கிக் காட்டுங்கள்.

மாடிஃபை செய்த வண்டி புஸ்பாகோம் வாகனச் சோதனையில் பாஸ் ஆகுமா?

பெயர் மாற்றத்துக்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குப் பெயர் பி5. எஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் கிரானோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றியிருந்தால் முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஸ்போர்ட்ஸ் கார்கள் மாட்டுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான்: கத்தும் எக்ஸாஸ்ட், வளைந்த எழுத்தில் எழுதிய நம்பர் பிளேட், கறுப்புக் கண்ணாடி. முன் கண்ணாடியில் 70 விழுக்காடும், முன் கதவுக் கண்ணாடியில் 50 விழுக்காடும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். பின்பக்கத்துக்கு 2019-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து சோதனைக்குப் போவதுதான் நிம்மதி. ஈப்போவுக்கு ஒருமுறை போய்த் திரும்பிவிடலாம். ஃபெயில் ஆனால் இன்னொரு நாள் போய்விடும்.

டெஸ்ட் டிரைவ் கொடுக்கலாமா? இளைஞர்கள் வந்தால் பயமாக இருக்கிறது.

கொடுக்காமல் விற்க முடியாது, ஆனால் உங்கள் நிபந்தனைப்படி கொடுங்கள். முதலில் லைசென்ஸைப் பாருங்கள். டிஏ லைசென்ஸ் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும்தான், கியர் வண்டி ஓட்ட டி வேண்டும். ஆர்வத்தோடு வரும் பையன்களில் சிலர் இதை யோசித்தே இருக்க மாட்டார்கள். புதிதாக ஓட்டப் பழகியவர்களுக்கான பி லைசென்ஸ் வைத்திருப்பவர், 21 வயதுக்குக் குறைந்தவர், அல்லது உங்கள் பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால், வழக்கமான பாலிசியில் முதல் 400 வெள்ளியை நீங்கள்தான் கட்ட வேண்டும். போதாததற்கு, கிளைம் செய்யாமல் இருந்ததற்காக இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியான உங்கள் என்சிடியும் போய்விடும். இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

முதலில் நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும். பிறகு அவர் ஓட்டட்டும், நீங்கள் உட்காருங்கள். தனியாக அனுப்ப வேண்டாம். பாதையை நீங்களே தேர்ந்தெடுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும் தோட்டப் பாதை வேண்டாம், குழியும் கல்லும் வண்டியின் வயிற்றைக் கிழித்துவிடும். ஈப்போ பக்கம் போகும் பெரிய சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் கியர், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் தெரிந்துவிடும். மழை பெய்தால் இன்னொரு நாள். பின்சக்கரம் தள்ளும் வண்டியை ஈரச் சாலையில் புதியவர் கையில் கொடுக்கத் தேவையில்லை.

லோன் இன்னும் பாக்கி இருக்கிறது. "சம்போங் பாயார்" கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கூடாது. வண்டியைக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் மாதாமாதம் உங்கள் லோனைக் கட்டுவார் என்று நம்பும் இந்த ஏற்பாடு நம் ஊர்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது. அதனால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. வங்கியின் அனுமதி இல்லாமல், அதை ஏமாற்றி வண்டியைக் கைமாற்றுவது 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி குற்றம். அதோடு வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கும். அவர் கட்டாமல் விட்டால் கடன் பட்டியலில் உங்கள் பெயர், சம்மன் வந்தால் உங்கள் பெயர், இடித்துவிட்டு ஓடினால் போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. சொந்தக்காரப் பையன் கேட்டாலும் இதே பதில்தான்.

நேர்வழி கொஞ்சம் மெதுவானது, ஆனால் சிக்கலில்லாதது. வங்கியில் முழுத் தொகைக்கான செட்டில்மென்ட் கடிதம் வாங்குங்கள். உங்களிடம் பணம் இருந்தால் முதலில் நீங்களே அடைத்துவிட்டு விற்பது உத்தமம். இல்லையென்றால், வாங்குபவர் பாக்கித் தொகையை நேராக உங்கள் லோன் கணக்கில் கட்டட்டும், உங்கள் கையில் வேண்டாம். வங்கி தன் உரிமைக்கோரிக்கையை ஜேபிஜே பதிவிலிருந்து எடுக்கச் சில நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் பெயர் மாற்றம் நடக்கும். இதையெல்லாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்குபவர் லோன் போட வேண்டும் என்கிறார்.

முடியும். பி7 என்ற இன்னொரு சோதனை சேரும், நாளும் கூடும். பழைய வண்டிக்கு வங்கிகள் குறைந்த காலத்துக்குத்தான் லோன் கொடுக்கும். லோன் உறுதியாகும்வரை முன்பணம் வாங்கிக்கொண்டு, வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் கெடு தேதியை எழுதிவிடுங்கள்.

நம்பரை வைத்துக்கொள்ள முடியுமா? கூட்டினால் ஒன்பது வரும் நம்பர்.

முடியும், ஆனால் விற்பதற்கு முன்பே செய்ய வேண்டும். உங்கள் பெயரில் இருக்கும் இன்னொரு வண்டியின் நம்பரோடு ஜேபிஜேயில் மாற்றிக்கொள்ளலாம். பெயர் மாற்றம் முடிந்துவிட்டால் நம்பரும் வண்டியோடு போய்விடும், பிறகு புலம்பிப் பயனில்லை.

பணம், பெயர் மாற்றம், சாவி: எது முதலில்?

சண்டை வருவது இந்த இடத்தில்தான். "பெயரை மாற்றுங்கள், பணம் தருகிறேன்" என்பார் அவர். "பணம் வரட்டும், மாற்றுகிறேன்" என்பீர்கள் நீங்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால் வங்கியையும் ஜேபிஜேயையும் ஒரே காலையில் முடிப்பதுதான் வழி.

அதற்கு முன்பே புஸ்பாகோம் சோதனை முடிந்திருக்க வேண்டும். சம்மன் பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் தடைபடலாம், முன்கூட்டியே பார்த்துக் கட்டிவிடுங்கள். வாங்குபவர் தன் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்க வேண்டும். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வங்கிக்குப் போங்கள். பணம் உங்கள் கணக்கில் நிற்பதை உங்கள் சொந்தக் கைபேசியில் பாருங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது. சாதாரண செக் வேண்டாம், அது பாஸ் ஆகும்வரை வெறும் காகிதம். அங்கிருந்து நேராக ஜேபிஜே கவுண்டர், இரண்டு பேர் கட்டைவிரல் ரேகை. கிரானில் பெயர் மாறிய பிறகு சாவியைக் கொடுங்கள், இரண்டாவது சாவியையும் சேர்த்து.

நாள் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று தேர்ந்தெடுக்காதீர்கள். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம், பன்னிரண்டே காலிலிருந்து இரண்டே முக்கால் வரை தொழுகைக்காக அரசாங்கக் கவுண்டர்களுக்கு இடைவேளை. உங்களுக்கு மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். புதன், வியாழன் காலை இரண்டு விதத்திலும் வசதி. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்டால், ஜேபிஜே வாசலில் வேண்டாம், ஊருக்குத் திரும்பி கோயில் முன்னால் செய்துகொள்ளலாம்.

கையெழுத்துத் தாளில் ஒப்படைத்த தேதியை மட்டும் எழுதினால் போதாது, மணியையும் எழுதுங்கள். அன்று மாலை அவர் கேமராவில் மாட்டினால் அந்த மணிதான் உங்களைக் காப்பாற்றும்.

என் இன்சூரன்ஸும் என்சிடியும் என்ன ஆகும்?

என்சிடி உங்களுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. 55 விழுக்காடு வரை சேர்த்திருந்தால் அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம். பெயர் மாறியதும் பழைய பாலிசியை ரத்து செய்யச் சொல்லுங்கள், மீதி காலத்துக்கு ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்குபவர் "உங்கள் இன்சூரன்ஸிலேயே ஒரு மாதம் ஓட்டிக்கொள்கிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெளியூர்க்காரர் இவ்வளவு தூரம் வருவாரா?

வருவார். நல்ல ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆள் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வருகிறார். நம் ஊரில் இடிஎஸ் ரயில் நிற்பதைச் சொல்லிவிடுங்கள். ரயிலில் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பலாம் என்று தெரிந்தால் கோலாலம்பூர்க்காரருக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. வருவதற்கு முந்தைய நாள் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சத்தம் கேட்கும்படி ஒரு வீடியோ அனுப்புங்கள். பாதிப் பேர் அதைப் பார்த்தே நின்றுவிடுவார்கள். மீதிப் பேர் வாங்கும் எண்ணத்தோடு வருவார்கள், உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் மிச்சம்.

விற்ற பிறகு ஏதாவது பழுதானால் என்னிடம் வருவாரா?

போன் வரும். அதனால்தான் தாளில் "இருக்கும் நிலையில் பார்த்து, ஓட்டி, சம்மதித்து வாங்கினேன்" என்ற வரியும், தெரிந்த குறைகளின் பட்டியலும் இருக்க வேண்டும். குறையை மறைத்து விற்றிருந்தால் அந்த வரி உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். என்னிடம் வாங்கிய தம்பி இப்போதும் கூப்பிடுகிறார், எந்தக் கடையில் பிரேக் பேட் மலிவு, கியர் எண்ணெய் எது என்று. சொல்லிக் கொடுக்கிறேன், போமனின் நம்பரையும் கொடுத்துவிட்டேன்.